பழைய பெல்லட் அடுப்பு: கோளாறைப் பார்த்துப் பாகம் தேடும் வழி

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளை; அதை எரித்து வீட்டைச் சூடாக்குவதுதான் பெல்லட் அடுப்பு. கனடாவின் ஒன்டாரியோவில் முதல் உறைபனி விழும் வாரத்தில்தான் இந்த அடுப்புகள் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். வசந்தத்தில் அணைத்து, சாம்பலைக்கூட அள்ளாமல் மூடிவைத்துவிட்டு, நவம்பரில் பொத்தானை அழுத்தினால் அது என்ன செய்யும்? உதவி கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “கம்பெனியையே மூடிவிட்டார்களாம். பாகம் கிடைக்காதாம். தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.”

கம்பெனி இல்லாமல் போயிருக்கலாம். வீட்டுக்கான பெல்லட் அடுப்பை 1980களில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பரவலாக்கியவர் ஜெர்ரி விட்ஃபீல்ட் என்ற விமானப் பொறியாளர். அவர் பெயர் தாங்கிய அடுப்புகளே பின்னர் லெனாக்ஸ் என்ற வெப்பச் சாதன நிறுவனத்தின் கைக்கு மாறி, உற்பத்தி நின்றுபோயின. ஆனால் அடுப்புக் கம்பெனிகள் பொதுவாக மோட்டாரையோ வெப்ப சுவிட்சையோ தாமே செய்வதில்லை. ஃபாஸ்கோ, கிளீசன் ஏவரி, மெர்க்கிள் கோர்ஃப் போன்ற மோட்டார்காரர்களிடம் வாங்கித்தான் பொருத்தினார்கள். ஒரே மோட்டார் நாலைந்து பெயர்ப்பலகைகளின் கீழ் ஓடுகிறது. ஆகவே தேட வேண்டியது அடுப்பின் பெயரை அல்ல, பாகத்தின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை.

அடுப்பின் முதுகிலோ, பெல்லட் கொட்டும் ஹாப்பரின் மூடிக்கு அடியிலோ ஓர் உலோகத் தகடு இருக்கும். மாடல், வரிசை எண், தயாரித்த ஆண்டு எல்லாம் அதில்தான். முதலில் அதைப் படம் எடுத்து வையுங்கள். அடுத்து பிளக்கைப் பிடுங்கி, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு சாம்பலை முழுக்க எடுங்கள். பெல்லட் எரியும் கிண்ணமான எரிகலம், அதன் துளைகள், பின்சுவருக்குப் பின்னால் உள்ள சாம்பல் அறைகள், புகை விசிறி, புகைக்குழாய் எல்லாவற்றையும் சுத்தம் செய்யாமல் பாகம் வாங்கக் கூடாது. சுத்தம் செய்ததும் பாதி அடுப்புகள் தாமாகவே எரியத் தொடங்கிவிடும். சாதாரண வாக்குவம் கிளீனர் இதற்கு உதவாது. சாம்பல் பொடி அதன் வடிகட்டியைத் தாண்டி வீடெல்லாம் பறக்கும். உள்ளே ஒரு கங்கு ஒளிந்திருந்தால் வாக்குவமே எரியும். சாம்பலுக்கென்று உலோகத் தொட்டியுடன் விற்பதை வாங்குங்கள்.

கையில் மின்சாரத்தை அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் டார்ச்சும் இருந்தால் போதும். வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால், எந்தப் பாகத்துக்கும் முன்னால் அதை வாங்குங்கள்.

பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

சுவரிலுள்ள பிளக்கில் வேறொரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். பிறகு அடுப்பை இயக்கும் மின்னணுப் பலகையான கண்ட்ரோல் போர்டில் உள்ள கண்ணாடி ஃபியூஸ். பெரும்பாலும் 5 ஆம்பியர். எண் ஃபியூஸின் மூடியிலேயே இருக்கும். எரிந்திருந்தால் அதே எண்ணைப் போடுங்கள். உடனே மறுபடி எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டர், புகையை வெளியே இழுக்கும் புகை விசிறி, அறைக்குள் வெப்பம் தள்ளும் விசிறி ஆகியவற்றின் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் இக்னைட்டர்.

அடுத்து, சிவப்புப் பொத்தான் உள்ள வெப்ப சுவிட்சைத் தேடுங்கள். சில மாடல்களில் அடுப்பு மிகையாகச் சூடானால் அது மின்சாரத்தை அறுத்துவிடும். கையால் அழுத்தினால்தான் மீளும். அழுத்தினதும் அடுப்பு உயிர்பெற்றால் சந்தோஷப்பட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ஏன் சூடேறியது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. பதில் பெரும்பாலும் அறை விசிறியில் அப்பியிருக்கும் தூசியிலும் நாய்முடியிலும் இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் அசைவில்லை என்றால் போர்டு. அதைப் பற்றிப் பின்னால்.

விசிறி ஓடுகிறது, பெல்லட் விழவில்லை

அதிகம் வரும் கோளாறும், அதிகப் பணம் வீணாகும் கோளாறும் இதுதான். பெல்லட் விழவில்லை என்றதும் ஆகர் மோட்டாரை வரவழைத்துவிடுகிறார்கள். ஆகர் என்பது பெல்லட்டை ஹாப்பரிலிருந்து எரிகலத்துக்குத் தள்ளும் திருகுத்தண்டு. அதைச் சுற்றும் மோட்டாருக்கு மின்சாரம் போகவிடாமல் தடுக்க மூன்று நான்கு காவலர்கள் இருக்கிறார்கள். அவர்களை விசாரித்துவிட்டு மோட்டாரிடம் வாருங்கள்.

*மோட்டார் அசையவே இல்லை*

கதவும் சாம்பல் தட்டும் இறுக மூடியிருக்கின்றனவா? சில அடுப்புகளில் ஹாப்பர் மூடியிலும் ஒரு சுவிட்ச் உண்டு.

பிறகு வெற்றிட சுவிட்ச். கைக்கடிகாரம் அளவு வட்டமான ஒரு டப்பா, அதிலிருந்து ஒரு சிறிய ரப்பர் அல்லது சிலிக்கோன் குழாய் புகைப்பாதைக்கோ எரியறைக்கோ போகும். புகை விசிறி போதுமான அளவு இழுக்கிறது என்று இந்த சுவிட்ச் சொன்னால்தான் ஆகர் சுற்றும். குழாயை இரு முனையிலும் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள், அதே உள்விட்டமுள்ள, வெப்பம் தாங்கும் சிலிக்கோன் குழாய் எங்கும் கிடைக்கும். குழாய் நுழையும் உலோக முனையில் சாம்பல் அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குடைந்தால் ஒரு சிட்டிகை சாம்பல் கொட்டும். அவ்வளவுதான் கோளாறு என்று முடிந்த நாட்கள் உண்டு. குழாயைச் சுவிட்சிலிருந்து கழற்றாமல் மட்டும் ஊதிவிடாதீர்கள், உள்ளேயிருக்கும் மெல்லிய சவ்வு கிழியும்.

சுவிட்சைச் சோதிக்க, பிளக்கைப் பிடுங்கி, அதன் ஒயர்களைக் கழற்றி மல்டிமீட்டரைத் தொடர்புச் சோதனையில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில்) வையுங்கள். சுத்தமான குழாயைப் பூட்டி மறுமுனையை மிக மெதுவாக உறிஞ்சினால் ‘டிக்’ என்று சத்தம் வந்து மீட்டர் ஒலிக்க வேண்டும். ஒலித்தால் சுவிட்ச் நல்லது, குறை காற்றோட்டத்தில். ஒலிக்காவிட்டால் புதிது வாங்குங்கள், ஆனால் 0.05, 0.10 என்று அங்குல நீர்மட்டக் கணக்கில் (காற்றழுத்த அளவு) அச்சடித்திருக்கும் எண் ஒத்திருக்க வேண்டும். எண் கூடினால் அடுப்பு காரணமின்றி அணையும். குறைந்தால், புகை வெளியேறாத நிலையிலும் பெல்லட் விழுந்துகொண்டே இருக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. சுவிட்சின் இரு ஒயர்களையும் நிரந்தரமாகச் சேர்த்து முறுக்கிவிடும் கெட்டிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள்.

அடுத்தவர் மிகைவெப்ப சுவிட்ச். நாணயம் அளவு வட்டம், இரண்டு முனைகள். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்தும் 200 அல்லது 250 போன்ற ஒரு எண்ணும் இருக்கும். ‘எல்’ வகை அந்த ஃபாரன்ஹீட் அளவில் திறந்துகொள்ளும். ஆறிய நிலையில் மூடியிருக்கும், அதாவது மீட்டர் ஒலிக்க வேண்டும். ‘எஃப்’ வகை நேர்மாறு: ஆறியிருக்கும்போது திறந்திருக்கும், சூடானால் மூடும். எழுத்தையும் எண்ணையும் வைத்தே பாகம் தேடலாம். அடுப்பின் பெயர் தேவையே இல்லை. இந்த வட்டங்கள்தான் இருப்பதிலேயே மலிவான பாகம்.

*மோட்டார் சுற்றப் பார்த்துப் பின்வாங்குகிறது, ‘டொக் டொக்’ என்று சத்தம்*

திருகு அடைத்திருக்கிறது. ஹாப்பரைக் காலி செய்யுங்கள். அடியில் மரத்தூள் சேர்ந்து இறுகியிருக்கும். ஈரம் பட்டிருந்தால் சிமெண்ட்தான். நீளமான ஒரு பெல்லட் குறுக்கே சிக்கினாலும் இதே சத்தம். சில சமயம் ஓர் ஆணியோ கோணிக்கயிறோ கிடைக்கும். மோட்டாரைத் திருகிலிருந்து கழற்றிவிட்டு ஓடவிடுங்கள். தனியாகச் சுகமாகச் சுற்றினால் மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம்.

*மோட்டார் சுற்றுகிறது, திருகு சுற்றவில்லை*

இரண்டையும் இணைக்கும் திருகாணி தளர்ந்திருக்கும், அல்லது குறுக்கு ஊசி அறுந்திருக்கும். ஹார்டுவேர் கடையில் சில்லறைக்குத் தீரும் விவகாரம். தண்டே தேய்ந்து வட்டமாகிவிட்டால் மட்டும் யோசிக்க வேண்டும்.

*மோட்டாரேதான் போய்விட்டது என்றால்*

ஒயர்களைக் கழற்றி மின்தடையை அளந்தால் மீட்டர் அசையவில்லை. அல்லது கியர் பெட்டியிலிருந்து கிரீஸ் ஒழுகி, சூடானதும் நிற்கிறது. இப்போது புதிது தேடலாம். தகட்டின் மேல் படிந்த தூசியை விரலால் துடைத்தால் எண்கள் தெரியும். குறித்துக்கொள்ள வேண்டியவை:

- மின்னழுத்தம். வட அமெரிக்க அடுப்புகளில் பொதுவாக 120 வோல்ட்.
- நிமிடத்துக்கு எத்தனை சுற்று. 1, 2, 4 என்று பலவகை உண்டு. 1 சுற்று இருந்த இடத்தில் 2 சுற்றைப் போட்டால் இருமடங்கு பெல்லட் விழும். “சமாளித்துக்கொள்ளலாம்” என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள். போர்டின் கால அளவுகள் எல்லாம் அந்த ஒரு எண்ணை நம்பியே அமைந்தவை.
- சுற்றும் திசை.
- தண்டின் விட்டம், நீளம், அதில் தட்டையான வெட்டா குறுக்குத் துளையா என்பது. 3/8 அங்குலத் தண்டு சாதாரணம்.
- பொருத்தும் துளைகளுக்கு இடையிலுள்ள தூரம்.

திசையில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். வலஞ்சுழி என்று ஒரு கடை எழுதியிருப்பது தண்டின் பக்கமிருந்து பார்த்தா, மோட்டாரின் முதுகுப் பக்கமிருந்து பார்த்தா என்று கேட்டுத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். பழைய மோட்டார் கொஞ்சமாவது சுற்றினால், கழற்றுவதற்கு முன்பே தண்டு போகும் திசையை ஒரு நாடாவில் அம்புக்குறியாக வரைந்து ஒட்டிவிடுங்கள். பின்பக்கக் குட்டி விசிறியின் திசையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்; இடையில் கியர்கள் இருப்பதால் தண்டு வேறு திசையில் சுற்றலாம். மோட்டார் செத்தே போயிருந்தால் திருகின் புரியைப் பார்த்து, எந்தப் பக்கம் சுற்றினால் பெல்லட் முன்னால் நகரும் என்று கையால் சுற்றிப் பாருங்கள்.

தவறான திசை மோட்டார் வந்துவிட்டால் உடனே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. இவற்றில் பலவும் ஒற்றைச் சுருள் உள்ள சாதாரண மோட்டார்கள். சுருள் சுற்றிய இரும்புக் கட்டைக் கழற்றி முன்பின்னாகத் திருப்பிப் பூட்டினால் திசை மாறிவிடும். மோட்டார் ரிப்பேர் கடைக்காரருக்கு இது ஒரு தேநீர் நேர வேலை. கியர் பெட்டி நன்றாக இருந்து சுருள் மட்டும் எரிந்த பழைய மோட்டாரைக்கூட அவர்களிடம் காட்டலாம்.

பெல்லட் விழுகிறது, தீ பிடிக்கவில்லை

எரிகலத்தின் துளைகளும், இக்னைட்டர் உட்காரும் குழலும் அடைக்காமல் இருக்க வேண்டும். இக்னைட்டர் தன்னைத் தாண்டிப் போகும் காற்றைச் சூடாக்கித்தான் பெல்லட்டைப் பற்றவைக்கிறது. காற்று போகாவிட்டால் அது எவ்வளவு சிவந்தும் பயனில்லை.

சுத்தம் செய்தும் பற்றவில்லை என்றால் அதன் மின்தடையை அளங்கள். கணக்கு எளிது: 120 வோல்ட்டில் 300 வாட் இக்னைட்டர் சுமார் 48 ஓம் காட்டும், 400 வாட் சுமார் 36. மீட்டர் முடிவிலி காட்டினால் அது அறுந்துவிட்டது. புதிதுக்கு வாட், விட்டம், நீளம், பிடிப்பு வளையம் முனையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பவை வேண்டும். நீளம் கால் அங்குலம் கூடினாலும் எரிகலத்தில் இடிக்கும்.

கையால் பற்றவைக்க இடம் தரும் மாடலாக இருந்தால், பாகம் வரும்வரை பெல்லட்டுக்கென்று விற்கும் தீமூட்டும் ஜெல்லைப் போட்டு எரிக்கலாம். மிகப் பழைய அடுப்புகள் பலவற்றுக்கு இக்னைட்டரே கிடையாது. பெட்ரோல், மண்ணெண்ணெய், சாராய வகை எதையும் ஊற்றக் கூடாது. எரிந்துகொண்டிருக்கும் அடுப்பில் ஜெல்லையும் சேர்க்கக் கூடாது.

நன்றாக எரிந்து, கொஞ்ச நேரத்தில் தானே அணைகிறது

தீ இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்லும் சுவிட்ச் புகை விசிறியின் கூட்டில் ஒட்டியிருக்கும். ‘எஃப்’ வகை, பெரும்பாலும் 110 அல்லது 120. தொடக்க நேரம் முடிவதற்குள் அது மூடாவிட்டால், தீ இல்லை என்று போர்டு நினைத்து அடுப்பை நிறுத்திவிடும். கழற்றி, மீட்டரில் பிடித்து, முடி உலர்த்தியால் சூடுகாட்டுங்கள். மூடினால் சுவிட்ச் நல்லது. அப்போது அது கூட்டோடு சமமாக ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா, திருகாணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கூட்டுக்கு உள்பக்கம் சாம்பல் தடித்திருந்தாலும் சூடு வந்து சேராது.

ஹாப்பரில் பெல்லட் இருந்தும் நடுவில் பள்ளம் விழுந்து, சரிவுகளில் தங்கிவிடுவதும் இதே அறிகுறியைத் தரும். காசில்லாத காரணம் என்பதால் முதலில் அதைப் பாருங்கள்.

சோம்பலான ஆரஞ்சுத் தீ, கண்ணாடியில் கரி

காற்று போதவில்லை. எரிகலத்தின் அடியில் கட்டிதட்டிய சாம்பலை உடைத்து, ஒவ்வொரு துளைக்குள்ளும் அதே அளவு துரப்பண முனையைக் கையால் நுழைத்து எடுங்கள். ஈரமான, மலிவான பெல்லட்டும் இதற்குக் காரணம். வேறு பையில் எரித்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

பிறகு கதவிடுக்கை அடைக்கும் கேஸ்கட். ஆறிய அடுப்பின் கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுங்கள். சுற்றிலும் எங்காவது வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று கசிகிறது. அமெரிக்கக் கையேடுகள் டாலர் நோட்டை வைக்கச் சொல்லும். கனடாவில் 2011 முதல் வந்த நோட்டுகள் பிளாஸ்டிக். சூடான அடுப்பில் வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். கேஸ்கட் அடுப்புக்கென்று தனியாக வருவதல்ல. கண்ணாடியிழைக் கயிறு, அடி கணக்கில் விற்பார்கள். பழையது நசுங்கியிருப்பதால் அதை அளக்காமல், அது உட்காரும் பள்ளத்தின் அகலத்தை அளந்து வாங்குங்கள். ஒட்டும்போது இழுக்காதீர்கள், இழுத்தால் மெலிந்து, பயனற்றுப் போகும்.

கண்ணாடி விரிசல் கண்டிருந்தால் தீ தாங்கும் செராமிக் கண்ணாடியை அளவுக்கு வெட்டித் தரும் கடைகள் உண்டு. சன்னல் கண்ணாடியோ டெம்பர்டு கண்ணாடியோ இந்தச் சூட்டைத் தாங்காது. எரிகலமே அரித்து ஓட்டையாகிவிட்டதா? எங்கும் கிடைக்காத மாடலாக இருந்தாலும், நல்ல வெல்டரிடம் பழையதைக் கொடுத்தால் துருப்பிடிக்காத எஃகில் செய்துவிடுவார். துளைகளின் எண்ணிக்கையும் விட்டமும் இம்மி மாறக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

கிறீச்சிடும் சத்தம்

ஆகர் சுற்றும்போது மட்டும், விட்டுவிட்டு வந்தால் திருகின் முனையைத் தாங்கும் வளையமான புஷ். தொடர்ந்து வந்தால் இரண்டு விசிறிகளில் ஒன்று. எண்ணெய்த் துளை உள்ள மோட்டாருக்கு மின்மோட்டார் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விடலாம். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்தால் சத்தம் அன்று நிற்கும், மோட்டார் சீக்கிரம் சாகும்.

புகை விசிறியை மாற்றுவதென்றால் இறக்கையின் விட்டமும் உயரமும், மோட்டாரின் எண்ணும் போதும். கூட்டை விட்டுவிட்டு மோட்டாரையும் இறக்கையையும் மட்டும் வாங்கினால் செலவு குறையும். கழற்றும்போது கிழியும் கேஸ்கட்டை செராமிக் ஃபைபர் தாளில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். அதைப் போடாமல் பூட்டவே கூடாது. அந்த விளிம்பில் கசிந்தால் புகை வீட்டுக்குள்தான் வரும்.

எரிகிறது, அறை சூடாகவில்லை

அறை விசிறியின் தூசி, வெப்பக் குழாய்களின் மேலுள்ள சாம்பல். பல அடுப்புகளில் குழாய்களைச் சுரண்ட ஒரு கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது எதற்கென்று தெரியாமலே வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். இரண்டும் சுத்தமாக இருந்தும் விசிறி ஓடவில்லை என்றால் அதை ஓட்டும் ‘எஃப்’ சுவிட்சைப் பாருங்கள், பிறகு விசிறியை.

புகை நாற்றம், அல்லது அலாரம் அடிக்கிறது

இங்கே உங்கள் வேலை முடிந்தது. அலாரம் அடித்தால் எல்லாரும் வெளியேறி, தீயணைப்புத் துறையை அழையுங்கள். வெறும் நாற்றம் என்றால் அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, ஆளை அழையுங்கள். கனடாவில் விறகு, பெல்லட் அடுப்புகளுக்கான ‘வெட்’ சான்றிதழ் பெற்றவர், அமெரிக்காவில் தேசிய ஃபயர்பிளேஸ் நிறுவனமான என்.எஃப்.ஐ.யின் சான்று பெற்றவர். கனடாவில் பல காப்பீட்டு நிறுவனங்கள் வெட் ஆய்வறிக்கை கேட்கும் என்பதால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். புகைக்குழாயின் அமைப்பையும் அவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். 3 அங்குலக் குழாயில் முழங்கைகளாக வளைத்து நீட்டியிருந்தால், ஒவ்வொரு 90 பாகை வளைவும் 5 அடி நேர்க்குழாய்க்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். மொத்தம் 15 அடியைத் தாண்டினால் பொதுவாக 4 அங்குலம் வேண்டும். அடுப்பைக் கழற்றிக் கழற்றிப் பூட்டியும் தீராத கோளாறுகள் சில, முதல் நாளிலேயே தப்பாகப் போட்ட குழாயில் இருந்திருக்கின்றன.

கடைசியாக போர்டு

விலை அதிகம், திரும்பக் கிடைப்பதும் அரிது. அதனால்தான் கடைசி. எல்லா சுவிட்சும் மோட்டாரும் தனித்தனியாக நன்றாக இருந்து, போர்டிலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் வரவில்லை என்று உறுதியானால் மட்டுமே அதைத் தொடுங்கள். மின்சாரம் ஓடும்போது அளந்து பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் ஆளை அழைப்பது நல்லது. கழற்றி உருப்பெருக்கியில் பார்த்தால், ஈயப் பற்றுகளைச் சுற்றி மெல்லிய வளைய விரிசல் தெரியலாம். எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் மறுபடி பற்றவைத்தால் போர்டு பிழைக்கும். இப்படிப் பழுது பார்த்துத் தரும் கடைகளுக்குத் தபாலில் அனுப்பலாம்.

அதுவும் கைகொடுக்காவிட்டால் அதே மாடலில் செத்துப்போன இன்னொரு அடுப்பை விளம்பரங்களில் தேடுங்கள். கோடையில் தேடினால் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று இலவசமாகவே கொடுப்பார்கள். ஜனவரியில் அதே துருப்பிடித்த பெட்டிக்கு விலை சொல்வார்கள். வாங்கியதும் போர்டு, இரண்டு விசிறிகள், ஆகர் மோட்டார், எரிகலம், கதவு ஆகியவற்றைக் கழற்றி, எண்களோடு சீட்டு ஒட்டி வையுங்கள். எரியறையின் வார்ப்பிரும்போ பற்றவைப்போ பிளந்திருக்கும் அடுப்புக்கு மட்டும் எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். அதைக் கழற்றி இன்னொன்றுக்கு உதிரியாக்குங்கள்.